ஸ்கேனரோடு பேசத் தெரிந்த ஜிபிஎஸ்: வண்டிக்கு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதல் தடவை நான் ஜிபிஎஸ் வாங்கியது திரையைப் பார்த்து. ஏழு அங்குலம், பளிச்சென்ற வரைபடம், "இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்று அழகாகச் சொல்லும் குரல். வண்டியில் மாட்டி, பக்கத்தில் ஸ்கேனரை (பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடி ரேடியோ பேச்சைக் கேட்கவைக்கும் பெட்டி அது) வைத்து, இரண்டையும் இணைக்கக் கம்பி தேடியபோதுதான் உறைத்தது, இணைக்க அதில் இடமே இல்லை. அடியில் ஒரு மினி யூஎஸ்பி துளை. அது சார்ஜ் ஏற்றவும் வரைபடத்தைப் புதுப்பிக்கவும்தான். "ஜிபிஎஸ்தானே சார், எல்லாத்தோடயும் வேலை செய்யும்" என்று விற்றவர் சொன்னார். அவரை என்ன சொல்வது? எதைக் கேட்க வேண்டும் என்று எனக்கே அன்றைக்குத் தெரியாது.

இப்போது தெரியும். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பெட்டி தான் இருக்கும் இடத்தை ஒரு கம்பி வழியாக வெளியே சொல்லுமா? திரை, குரல், வரைபடம் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஸ்கேனருக்கு ஏன் இடம் தெரிய வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நீண்ட பயணத்தில் ஒரு ஊரின் ரேடியோ அமைப்பை, அதாவது அங்கே பேசப் பயன்படும் அலைவரிசைத் தொகுப்பை, தாண்டி அடுத்ததற்குள் போய்க்கொண்டே இருக்கிறோம். நூறு அமைப்புகளை நினைவில் ஏற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் வரிசையாகத் தேடவிட்டால், ஒரு சுற்று முடிவதற்குள் பக்கத்தில் நடந்த பேச்சு முடிந்திருக்கும். ஜிபிஎஸ் இணைந்திருந்தால் ஒவ்வொரு அமைப்புக்கும் நாம் கொடுத்த மையப்புள்ளியையும் வட்டத்தின் ஆரத்தையும் ஸ்கேனர் நம் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வட்டத்துக்குள் நுழைந்தால் அந்த அமைப்பு தானாக இயங்கும், வெளியேறினால் அணையும். கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

இந்த வசதி எல்லா ஸ்கேனரிலும் கிடையாது. யூனிடன் நிறுவனத்தின் பிசிடி996எக்ஸ்டி, பிசிடி15எக்ஸ், பிசிடி536எச்பி, ஹோம்பேட்ரோல் போன்றவற்றில் உண்டு. ஆகவே கையில் இருக்கும் ஸ்கேனரின் கையேட்டில் ஜிபிஎஸ் என்ற பகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் மேற்கொண்டு படிக்கவே தேவையில்லை. இன்னொன்று, ஸ்கேனர் வைத்திருப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. வீட்டில் வைத்துக் கேட்கலாம், வண்டியில் வைத்திருந்தால் குற்றம் என்கிற இடங்களும் உண்டு. எல்லை தாண்டி ஓட்டுகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அது பேசும் மொழி

ஜிபிஎஸ்ஸும் ஸ்கேனரும் பேசிக்கொள்வது என்எம்இஏ 0183 என்ற மொழியில். கப்பல் கருவிகளுக்காக வந்தது. சாதாரண எழுத்தும் எண்ணும்தான், கண்ணால் படிக்கலாம். என் அக்கா மகன் ஒருநாள் லேப்டாப் திரையைப் பார்த்துவிட்டு, "மாமா, இது என்ன, கமா கமாவா கொட்டுது?" என்றான். அவனுக்கு ஒரு வரியைப் பிரித்துக் காட்டினேன். உங்களுக்கும் காட்டுகிறேன், இது புரிந்தால் மீதி முக்கால்வாசி புரிந்த மாதிரி.

வரி ஒரு டாலர் குறியோடு தொடங்கும். அடுத்து ஜிபிஆர்எம்சி என்று ஐந்து எழுத்து. முதல் இரண்டு எழுத்து பேசுவது யார் என்பது, ஜிபி என்றால் ஜிபிஎஸ். அடுத்த மூன்று, என்ன வகை வாக்கியம் என்பது. பிறகு 093015, அதாவது 9 மணி 30 நிமிடம் 15 விநாடி, உலகப் பொது நேரத்தில். அதன்பின் ஒற்றை எழுத்து: ஏ என்று இருந்தால் இடம் கிடைத்துவிட்டது, வி என்று இருந்தால் இன்னும் கிடைக்கவில்லை. இந்த ஒரு எழுத்துதான் பிறகு உங்கள் உயிரைக் காப்பாற்றும். அப்புறம் 4530.000 என்று அட்சரேகை, பக்கத்தில் வடக்கா தெற்கா. இதே மாதிரி தீர்க்கரேகை. அடுத்து 043.2 என்றால் வேகம், ஆனால் கிலோமீட்டரில் இல்லை, கப்பல்காரர்களின் நாட் (knot) என்ற அளவில். 1.852 ஆல் பெருக்கினால் மணிக்கு 80 கிலோமீட்டர். கடைசியில் போகும் திசை, தேதி, பிழை பார்க்க ஒரு சின்ன எண்.

ஸ்கேனர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது இந்த ஆர்எம்சி வாக்கியமும், உயரமும் செயற்கைக்கோள் எண்ணிக்கையும் சொல்லும் ஜிஜிஏ வாக்கியமும்தான். விநாடிக்கு ஒரு முறை வந்தால் தாராளமாகப் போதும்.

எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

கண்ணாடியில் ஒட்டி வழி சொல்லும் பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த வாக்கியங்களை வெளியே விடாது. உள்ளே எல்லாம் இருக்கும், வாய்தான் கிடையாது. இன்னொரு வகை, வண்டி எங்கே நிற்கிறது என்று போனுக்குச் சொல்லும் சிம் போட்ட டிராக்கர். அதையும் ஜிபிஎஸ் என்றுதான் விற்கிறார்கள். அது பேசுவது தூரத்தில் இருக்கும் சர்வரோடு, பக்கத்தில் இருக்கும் ஸ்கேனரோடு இல்லை. இரண்டையும் விட்டுவிடுங்கள். புளூடூத் ஜிபிஎஸ்ஸும் அதே கதை, சீரியல் போர்ட் (பிட் பிட்டாகக் கம்பியில் அனுப்பும் பழைய வகைத் துளை) மட்டும் உள்ள ஸ்கேனருக்கு புளூடூத் கேட்காது.

நமக்கு வேண்டியது திரையே இல்லாத, தீப்பெட்டி அளவுள்ள, அடியில் காந்தம் வைத்த ரிசீவர். வட்டமாக இருப்பதால் ஆங்கிலத்தில் இதை "பக்" என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இதிலும் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நான் இரண்டாவது தடவை விழுந்தது அதில்தான்.

குளோபல்சாட் நிறுவனத்தின் பியூ-353, பிஆர்-355 என்ற இரண்டு பக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பியூ-353 இன் நுனியில் யூஎஸ்பி. பிஆர்-355 இன் நுனியில் பழைய கீபோர்டுகளில் இருக்குமே, வட்டமான பிஎஸ்2 பிளக், அது; ஆனால் உள்ளே ஓடுவது சீரியல். யூஎஸ்பி எல்லாவற்றிலும் போகும் என்று நம்பி நான் பியூ-353 ஐ எடுத்தேன். யூஎஸ்பி என்பது முதலாளி தொழிலாளி ஏற்பாடு. ஒரு பக்கம் கணினி மாதிரி ஒரு முதலாளி இருந்து "நீ யார், என்ன தருவாய்?" என்று கேட்டால்தான் மறுபக்கம் வாய் திறக்கும். ஸ்கேனரின் யூஎஸ்பி துளை, கணினியில் செருகப்படுவதற்காக வைத்த தொழிலாளி துளை. இரண்டு தொழிலாளிகளைக் கட்டிப்போட்டால் இரண்டும் சும்மா உட்கார்ந்திருக்கும். சந்தையில் கிடைக்கும் சின்ன அடாப்டர்கள் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், இந்த உறவை மாற்றாது. ஹோம்பேட்ரோல் மாதிரி சில ஸ்கேனர்களில் ஜிபிஎஸ் கம்பி மினி யூஎஸ்பி வடிவத் துளையில் போவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வடிவம் அதுதான், உள்ளே ஓடுவது சீரியல். அதற்கென்று செய்த கம்பியைத்தான் வாங்க வேண்டும்.

கார்மின் 18எக்ஸ் வாங்குகிறவர்களும் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். பிசி என்று முடிவதில் சீரியல் பிளக்கும் சிகரெட் லைட்டர் பிளக்கும் சேர்ந்தே வரும், செருகினால் வேலை முடிந்தது. எல்விசி என்று முடிவதில் வெறும் கம்பி நுனிகள்தான். 5 வோல்ட் நீங்களே தர வேண்டும், 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் செத்துப்போகும். யூஎஸ்பி என்று முடிவது என்எம்இஏ பேசவே பேசாது, கார்மினின் சொந்த மொழிதான். ஒரே உறை, ஒரே பெயர், மூன்று வெவ்வேறு சாமான்கள்.

அலமாரியில் பழைய கையடக்க ஜிபிஎஸ் கிடந்தால் அதைத் தூக்கிப்போடாதீர்கள். கார்மினின் ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ், ஆரம்பகால ஈட்ரெக்ஸ் போன்றவற்றின் முதுகில் நான்கு முனை சீரியல் இணைப்பு இருக்கும். மெனுவில் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் என்எம்இஏ என்று மாற்றிவிட்டால் பேச ஆரம்பித்துவிடும். சின்னதாக ஒரு வரைபடமும் கிடைக்கும். பழைய சாமானில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜிபிஎஸ்ஸின் வார எண் 1024 வாரங்களுக்கு ஒரு முறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. புதுப்பிக்காத சில பெட்டிகள் அன்றிலிருந்து 1999க்குப் போய்விட்டன. தேதி தவறாக இருந்தாலும் இடத்தைச் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கும், பயப்பட வேண்டாம்.

போனையே பயன்படுத்தலாமே என்பீர்கள். முடியும். போனில் ஒரு செயலி, புளூடூத்திலிருந்து சீரியலுக்கு மாற்ற எச்சி-05 மாதிரி ஒரு பலகை, அதற்குப் பின்னால் மின்னழுத்தத்தை மாற்ற ஒரு சிப். நான் செய்தும் பார்த்தேன். அழைப்பு வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று அறுந்து, மூன்றாவது நாளே கழற்றி வைத்துவிட்டேன். போன் வழி காட்டட்டும், பக் ஸ்கேனருக்குச் சொல்லட்டும். இரண்டு வேலைக்கு இரண்டு பெட்டி என்பதுதான் என் கட்சி.

கம்பியில் கவனிக்க வேண்டியது

சீரியல் என்றாலும் இரண்டு வகை. ஆர்எஸ்232 என்பதில் சமிக்ஞை பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் ஆடும். டிடிஎல் என்பதில் பூஜ்யத்துக்கும் 3.3 அல்லது 5 வோல்ட்டுக்கும் இடையில் ஆடும், அதுவும் தலைகீழாக. டிபி9 என்ற ஒன்பது முனை பிளக் உள்ள ஸ்கேனருக்குப் பொதுவாக வேண்டியது ஆர்எஸ்232. மலிவாகக் கிடைக்கும் யூ-பிளாக்ஸ் நியோ-6எம் மாதிரியான ஜிபிஎஸ் பலகைகள் டிடிஎல். அவற்றை நேராகச் சேர்த்தால் ஸ்கேனருக்குக் கேட்பது வெறும் உளறல். நடுவில் மேக்ஸ்3232 சிப் வைத்த ஒரு சின்னப் பலகை போட வேண்டும். சாலிடரிங் கை பழகியிருந்தால் அரை மணி நேர வேலை. இல்லையென்றால் பிஎஸ்2 பக்கும் அதற்கான டிபி9 கம்பியும் வாங்கிவிடுங்கள்.

டிபி9 இல் நமக்கு வேண்டியவை 2, 3, 5 என்ற முனைகள். 5 தரை. 2, 3 இல் ஒன்று பேசுவது, ஒன்று கேட்பது. இரண்டு பேரும் ஒரே முனையில் பேசினால் யாருக்கும் எதுவும் கேட்காது. நான் இரண்டு மாலை வேளைகளைத் தொலைத்தது இதில்தான். பக்கின் விளக்கு சிமிட்டுகிறது, கணினியில் போட்டால் வரிகள் ஓடுகின்றன, ஸ்கேனரில் மட்டும் ஒன்றுமில்லை. கடைசியில் 2ஐயும் 3ஐயும் மாற்றிப்போடும் கட்டைவிரல் அளவு நல்மோடம் அடாப்டர் ஒன்றைச் செருகிய அடுத்த விநாடி, ஸ்கேனர் திரையில் அட்சரேகை வந்து உட்கார்ந்தது. 2, 3 மாறினால் எதுவும் எரியாது, தைரியமாக மாற்றிப் பார்க்கலாம். மின்சாரக் கம்பி மாறினால்தான் எரியும். டிபி9 இல் மின்சாரம் வராது, பக்குக்கான 5 வோல்ட் தனியாக வர வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

அடுத்தது வேகம். என்எம்இஏ 0183 இன் வழக்கமான வேகம் விநாடிக்கு 4800 பிட். ஸ்கேனரின் மெனுவில் சீரியல் போர்ட் என்ற இடத்தில் அதே எண்ணை வைக்க வேண்டும். யூ-பிளாக்ஸ் பலகைகளில் பல 9600 இல் பிறக்கின்றன. ஸ்கேனரில் 9600 இருந்தால் அதை வையுங்கள், இல்லையென்றால் கணினியில் போட்டு பலகையை 4800க்கு இறக்குங்கள்.

"விநாடிக்குப் பத்து முறை புதுப்பிக்கும்" என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். கணக்கு எளிது. ஒரு எழுத்துக்குப் பத்து பிட் என்பதால், 4800 இல் விநாடிக்கு 480 எழுத்துதான் போகும். ஒரு வாக்கியம் அதிகபட்சம் 82 எழுத்து. ஆக, நீளமான வாக்கியம் என்றால் விநாடிக்கு ஐந்தோ ஆறோதான். பத்து மடங்கு கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். காரில் போகிறவனுக்கு அது தேவையும் இல்லை, விநாடிக்கு இருபது முப்பது மீட்டர் நகர்ந்ததற்காக ஒரு அமைப்பு மாறிவிடப்போவதில்லை.

புதுப் பக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பல நாடுகளின் செயற்கைக்கோள்களைச் சேர்த்துக் கேட்பவை, வாக்கியத்தை ஜிபி என்று தொடங்காமல் ஜிஎன் என்று தொடங்கும். மனிதனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஜிபிஆர்எம்சி என்ற எழுத்தை மட்டுமே எதிர்பார்க்கும் பழைய கருவிக்கோ, முன்பின் தெரியாத ஆள் பேசுகிற மாதிரி. எல்லாம் சரியாக இருந்தும் ஸ்கேனர் ஊமையாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். யூ-பிளாக்ஸில் இந்தப் பெயரை ஜிபி என்று மாற்றும் வசதி இருக்கிறது. மற்றவற்றில், ஜிபிஎஸ் மட்டும் கேட்கும் பழைய மாடலை வாங்குவதே நிம்மதி. இந்த ஒரு விஷயத்தில் புதுசைவிடப் பழசு மேல்.

வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் மேசையில் வைத்துச் சோதியுங்கள். யூஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கம்பி, லேப்டாப்பில் புட்டி மாதிரி ஒரு டெர்மினல் நிரல், வேகம் 4800. வரிகள் படிக்கிற மாதிரி வந்தால் மொழி சரி. எழுத்து எழுத்தாகக் குப்பை வந்தால் வேகம் தவறு, அல்லது டிடிஎல். ஒன்றுமே வரவில்லை என்றால் 2, 3. வரிகள் வந்தும் அந்த ஒற்றை எழுத்து வி என்றே நின்றால் ஜன்னல் ஓரம் கொண்டுபோங்கள். செயற்கைக்கோள் தன் பாதைத் தகவலை விநாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் 30 விநாடிக்கு ஒரு முறை சொல்கிறது. பக் முழுசாக ஒரு முறை கேட்டு முடிக்க வேண்டும், ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள்.

மாட்டும் இடமும் இரைச்சலும்

பக்கை வண்டிக் கூரையில் வைப்பதுதான் சிறந்தது, காந்தம் பிடித்துக்கொள்ளும். கம்பியைக் கதவின் ரப்பர் வழியாகக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு உள்ளே எடுங்கள், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். டேஷ்போர்டிலும் வேலை செய்யும். ஆனால் சில வண்டிகளின் முன்கண்ணாடியில் வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு இருக்கும், அதற்குள் பக் குருடு.

பக்குக்கு 5 வோல்ட் கொடுக்க நான் கைக்குக் கிடைத்த யூஎஸ்பி சார்ஜரை லைட்டர் சாக்கெட்டில் செருகினேன். இடம் உடனே வந்தது. ஆனால் விஎச்எஃப் அலைவரிசைகள் பக்கம் தூரத்து நிலையங்கள் எல்லாம் காணாமல் போயின. ஆன்டெனாவைச் சந்தேகித்தேன், இணைப்பைக் கழற்றித் துடைத்தேன், புதுக் கம்பி போட்டேன். ஒருநாள் போனை எடுக்கும்போது கை பட்டு சார்ஜர் கழன்றது. அந்தக் கணமே ஸ்கேனரில் ஒரு குரல் தெளிவாக வந்தது. மறுபடி செருகினேன், உஸ்ஸ் என்று போய்விட்டது. 12 வோல்ட்டை 5 ஆக்கும் மலிவு சார்ஜர்கள் உள்ளே வேகமாகத் துண்டித்துச் சேர்ப்பவை, ரேடியோ இரைச்சலை அள்ளி வீசும். பக்குக்குத் தேவை ஏறக்குறைய நூறு மில்லி ஆம்பியருக்குள்தான், 7805 மாதிரி ஒரு பழைய ரெகுலேட்டர் சத்தமே இல்லாமல் அதைத் தரும். சார்ஜர்தான் வேண்டும் என்றால் கம்பியில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டி, ஆன்டெனா கம்பியிலிருந்து தள்ளி வையுங்கள். புதிதாக எதைச் செருகினாலும் பலவீனமான ஒரு நிலையத்தைத் திறந்து வைத்து, செருகியும் பிடுங்கியும் காதால் கேட்டுப் பாருங்கள்.

எண்களை உள்ளிடும்போது

4530.000 என்பது 45.30 டிகிரி இல்லை. 45 டிகிரி, 30 நிமிடம். அதாவது 45.5 டிகிரி. வரைபடச் செயலிகள் தருவது தசமத்தில். பல ஸ்கேனர்கள் கேட்பது டிகிரி, நிமிடம், விநாடியில். 45.50 என்று இருந்ததை 45 டிகிரி 50 நிமிடம் என்று நான் உள்ளிட்டு வைத்தேன். 20 நிமிட வித்தியாசம், தரையில் 37 கிலோமீட்டர். ஊருக்குள் இருக்கும்வரை அந்த அமைப்பு வாய் திறக்காது, ஊரைத் தாண்டிப்போன பிறகு தேட ஆரம்பிக்கும். ஜிபிஎஸ் பழுது என்று அதைக் கழற்றி மூன்று தடவை சோதித்தேன். தசமத்தின் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60 ஆல் பெருக்கினால் நிமிடம், அதிலும் மிச்சம் இருப்பதை மறுபடி 60 ஆல் பெருக்கினால் விநாடி.

வட்டத்தின் அளவை நிர்ணயிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். நிலையத்தின் அலை எட்டும் தூரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்து, பக்கத்து வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். ஒட்டி ஒட்டி வைத்தால் நடுவில் எந்த அமைப்பும் இல்லாத பாலைவனம் ஒன்று உருவாகும். ரொம்பப் பெரிதாக வைத்தால் எல்லாம் எப்போதும் இயங்கி, ஜிபிஎஸ் இல்லாத நிலைக்கே திரும்பிவிடும். இன்னொன்று, யூனிடனின் சில மாடல்களில் மையத்தையும் அளவையும் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த அமைப்புக்கோ குழுவுக்கோ ஜிபிஎஸ் கட்டுப்பாட்டைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். நாற்பது அமைப்புகளுக்கு எண்களைத் தட்டி முடித்துவிட்டு இதை மறந்தவனின் முகம் எப்படி இருக்கும் என்பதை என் அக்கா மகனிடம் கேளுங்கள், அன்றைக்கு அவன்தான் பக்கத்து சீட்டில் இருந்தான்.

இப்போது என் வண்டிக் கூரையில் பழைய பிஆர்-355 ஒன்று, 7805 இலிருந்து மின்சாரம், நல்மோடம் அடாப்டர், 4800. அந்த ஏழு அங்குலப் பெட்டி கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு, திருப்பம் வரும்போதெல்லாம் ஸ்கேனரில் ஓடும் பேச்சின் நடுவே இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது.